நான்காம் நிலை

அம்மாவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள் ஹேரின்.

குழி விழுந்தது. விழுந்த குழி, பிசைந்த மாவில் பட்ட தடம்போல அப்படியே நின்றது.

டாக்டர் தேர்வு நேற்றுத்தான் முடிந்தது. சியோலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்துச் சொந்த ஊரான நாஜூவுக்கு வந்தால், அம்மா வாசலுக்கே வரவில்லை. மடித்த மெத்தைகளில் முதுகைச் சாய்த்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இதயச் செயலிழப்பு. மனப்பாடம் செய்த பாடம் ஒன்றுவிடாமல் எதிரே இருந்தது.

"பரீட்சைக்குப் படிக்கிற புள்ளகிட்ட எந்த வீட்லடி நோவைச் சொல்லுவாங்க?" என்றார் அப்பா, முள்ளங்கி நறுக்கியபடி.

அப்பா நறுக்குகிறார்! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டிலிருந்து விடுதிக்கு வந்த கிம்ச்சி ஊறுகாயில் உப்பே இல்லை. "உன் கைமணம் எங்கம்மா போச்சு?" என்று தொலைபேசியில் கேலி செய்திருந்தாள். அம்மா விட்டு விட்டுச் சிரித்தாள். அது சிரிப்பில்லை, மூச்சிரைப்பு.

தம்பிக்குத் தெரியும். பேரிக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். டாக்டருக்குப் படித்தவளுக்கு மட்டும் தெரியாது. வைத்தியத்துக்குச் சியோல் வந்து, அவள் விடுதி வழியாகவே திரும்பியும் போயிருக்கிறார்கள். பாவிகள். ஊரே கூடித் தன் கண்ணைக் கட்டிவிட்டதாகத் தோன்றியது அவளுக்கு.

"எந்த டாக்டர்?"

"உங்க பேராசிரியர் பியோன்தான். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டோம்" என்றார் அப்பா.

தினமும் வார்டில் முகம் பார்த்த மனிதர்.

போன இலையுதிர்காலத்து வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லாமல் ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்டார் அவர். விவசாயக் குடும்பத்துப் பெண். மாடி ஏறினால் இரைத்தது, பிறகு முகம் கழுவினாலே இரைத்தது, இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலும் இரைக்கிறது. எந்த நிலை?

ஹேரின் துள்ளி எழுந்தாள். "நாலாவது, சார். கடைசி நிலை."

வகுப்பே கைதட்டியது. பேராசிரியர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அன்று முழுக்க அவள் பொருமினாள்.

கணுக்காலில் குழி இன்னும் மேலெழவில்லை.

அம்மா அவள் தலையைத் தடவினாள்.

"நீதான்... முதல்ல... பதில் சொன்னியாமே."