பத்தாயிரத்து ஏழு

ஓசூர்த் தொழிற்சாலையின் தகரக் கூரை மூன்று மணி வெயிலில் கொதிக்கிறது. வெளியே, ஷிப்ட் முடிந்தவர்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கணிதத்தில் பட்டம் வாங்கிய ஒப்பந்தத் தொழிலாளி கெசியா, மூன்றாம் முறையாக எண்ணி முடித்த போல்ட்டுக் குவியலின் முன்னால் எண்ணெய்க் கைகளோடு நிற்கிறாள். "எல்லாப் பெட்டியிலயும் ஒரே கணக்கா போடணும். மிஞ்சுதுன்னா நீ எண்ணுனதுதான் தப்பு, மறுபடி எண்ணு" என்கிறார் சூப்பர்வைசர் ஆனந்தராஜ், மேசையில் கிடக்கும் செல்போனிலிருந்து நிமிராமல். "மூணு தடவையும் பத்தாயிரத்து ஏழுதான் சார். அது பகா எண். ஒண்ணையும் அதையும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது." "படிச்ச திமிர இங்க காட்டாத." பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கிறது. கெசியா ஒரு போல்ட்டை எடுத்து, அவருடைய செல்போன் திரையின்மேல் நங்கென்று வைக்கிறாள். "அப்ப பெட்டிக்கு ஒண்ணா போடுறேன். பத்தாயிரத்து ஏழு பெட்டி கொண்டாங்க."