இரண்டு பொட்டலம்

சாரல் விழுகிறது. ஐந்தருவிக்குப் போகும் பாதையோரம், மருத மரத்தடியில் சுடலைமாடன் பீடத்தின் மேல் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் நனைந்துகொண்டிருக்கின்றன. ஒன்றில் சிவப்பு அரளி, மற்றதில் வெள்ளை என்று பேச்சு. சிவப்பு வந்தால் குற்றாலிங்கத்துக்குச் சென்னைப் பட்டணத்துக் காலேஜ். இரண்டு வருஷமாக அவன் உறக்கத்திலும் உச்சரித்த இடம். வெள்ளை வந்தால் பாளையங்கோட்டை. அங்கே காலேஜ் சம்பளம் பாதி கட்டினால் போதும் என்று கடுதாசி வந்திருக்கிறது. பூவை இலையில் வைத்துக் கட்டியவர் அவனைப் பெற்ற ஐயா சொரிமுத்து. மரத்துக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று கட்டினார். “கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுலே,” என்கிறார் இப்போது. “மாடன் சொல்லுததுக்கு மேல நாம என்ன சொல்ல?” அருவி இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்கிறது. குற்றாலிங்கம் ஒன்றை எடுக்கிறான். ஈர நார் விரலில் வழுக்குகிறது. பிரிக்கிறான். வெள்ளை.

ஐயா பெருமூச்சு விட்டபடி மற்றப் பொட்டலத்தை அவசரமாக எடுத்துப் பக்கத்து ஓடையில் எறிகிறார். அது பாறையில் இடித்து நார் அவிழ்கிறது. இலை ஒருபுறம் போக, பூ ஒருபுறம் மிதந்து போகிறது. அதுவும் வெள்ளைதான். ஓடையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டு, “மாடன் சொல்லிட்டாருல்லா. பாளையங்கோட்டைக்கே போயிருதேன்யா,” என்று குற்றாலிங்கம் நெற்றியைக் காட்டி நிற்கிறான். வலது கையால் அவர் திருநீறு பூசுகிறார். இடது கையை மூடியே வைத்திருக்கிறார். விரலிடுக்கில் ஒரு சிவப்பு இதழ் நசுங்கியிருக்கிறது.