அரை விரல் குறைவு

"இதுவும் குறையுது" என்றாள் அக்கா.

ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் அக்கா. அவள் காலடியில், பிரித்த நூலெல்லாம் புடவையில் ஒட்ட, ஊரிலிருந்து வந்திருந்த தங்கை. உள்ளே மகளின் அறையில், பிரிண்டர் பக்கத்தில் அத்தான். வீட்டில் இருந்தது அவ்வளவு பேர்தான்.

மகள், தன் சிநேகிதிக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் கோடுகளை அச்சடித்து, அந்தக் கோடுகளின் மேலேயே துணித்துண்டுகளை வைத்துத் தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்தெடுக்க வேண்டும். கட்டங்கள் ஒரே அளவாக வரும். பாதிக் கட்டங்கள்தான் முடிந்திருந்தன. ஒரு விபத்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

மீதியை அக்கா தைக்கிறாள். அவள் தைப்பது மட்டும் மகளுடையதைவிட அரை விரல் சின்னதாகவே வருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஓரம் இணையவில்லை. அந்தக் குழந்தையோ பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டதாம்.

தையலுக்கு விடவேண்டிய ஓரத்தைத் தான்தான் ஒட்ட வெட்டிவிடுகிறோமோ என்று அலுத்துக்கொண்ட அக்கா, இன்னொரு தாள் வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அத்தான் எழுந்து வந்து நீட்டினார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

"பாலத்துக்கே வரைபடம் போட்ட ஆளு. ஒரு கட்டத்துல கோட்டை விடுறீங்களே, அத்தான்?" என்றாள் தங்கை.

அவர் சிரித்தமாதிரி இருந்தது. திரும்பி அறைக்குள் போய்விட்டார்.

தாளின் மூலையில், அளவு பார்ப்பதற்கென்றே ஓர் அங்குலச் சதுரம் அச்சாகியிருந்தது. தங்கை விளையாட்டாக அதன்மேல் ஸ்கேலை வைத்தாள். அங்குலம் தேறவில்லை.

கோளாறு தையலில் இல்லை, தாளில்! அவள் தாளோடு அறைக்குள் ஓடினாள். கம்ப்யூட்டர் திரையில், பக்கத்தைச் சுருக்கி அச்சடிக்கச் சொல்லும் இடத்தில் டிக் விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டாள். இனி ஒரே வாரத்தில் போர்வை முடிந்துவிடும் என்றாள்.

அத்தான் கதவைச் சாத்தினார். பிறகு, அந்த டிக்கைத் தானே மறுபடி போட்டார்.

"வேணும்னுதாம்மா போட்டு வச்சேன். அவ போனதுலேர்ந்து உங்கக்கா படுத்த படுக்கையா கிடந்தா. இந்தத் தையலுக்குத்தான் எழுந்து உக்காந்தா. இது முடிஞ்சுட்டா, மறுபடி எதுக்கு எழுந்திரிப்பா?"

தங்கை, மூச்சுவிட மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அக்கா மெஷினை ஒதுக்கிவிட்டு, மகளின் சிநேகிதிக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தாள். கட்டங்களின் அளவு இன்னும் சரியாக வரவில்லை, குழந்தையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல் என்று நாலே வரி. மடித்து உறைக்குள் வைத்தாள்.

"பரவாயில்லக்கா. கை பழகிட்டா தானா சரியா வந்துடும்" என்றாள் தங்கை, வேறெங்கோ பார்த்தபடி.

அக்கா உறையின் ஓரத்தில் பசை தடவினாள். அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உள்ள போய் பிரிண்டர்ல எதையும் மாத்திடலையே நீ? முதல் தாள்லயே அந்தச் சதுரத்தை அளந்து பாத்துட்டேன்டி. நான் தாள் கேக்கறதை நிறுத்திட்டா, அந்த மனுஷன் அவ ரூமை விட்டு வெளிய வரவே மாட்டார்."

உறையை அழுத்தி ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு வரும்படி தங்கையிடம் நீட்டினாள்.