கோட்டுக்கடியில் கயிறு

"கோட்டுக்கு அடியில கயிறா? அண்ணாச்சி, வெளையாட்டுக்குச் சொல்லுதீங்களா?" என்று கேட்டபடி, எல்லைக்கோடு குறிக்க முட்டிபோட்டிருந்த செல்வின் எழுந்தார்.

குற்றாலலிங்கம் சிரிக்கவில்லை. கையிலிருந்த நைலான் கயிற்றுச் சுருளை நீட்டினார். "எல்லாக் கோட்டுக்கும் அடியில இது ஓடணும். மேல வெள்ள டேப்ப ஒட்டிருங்க. காலு வச்சா தட்டுப்படணும்."

திருமலை என்ற புறநகரில் குற்றாலலிங்கத்தின் வீட்டுப் பின்புறம் ஷட்டில் கோர்ட் போடும் வேலை தொடங்கிப் பதினெட்டு நாளாகியிருந்தது. மண்ணை இறுக்கி, கான்கிரீட் போட்டு, மழைத்தண்ணீர் தேங்காதபடி வாட்டம் பார்த்து, மூன்று பூச்சு பச்சை பூசி முடித்திருந்தார் செல்வின். பாறசாலையிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து மனம் நிறைந்த பிறகே அடுத்த பூச்சுக்குப் போவார்.

"இருபத்திரெண்டு கோர்ட் போட்டிருக்கேன் அண்ணாச்சி. தரை கண்ணாடி கணக்கா இருக்கணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க தடுக்கி விழுறதுக்கு வழி கேக்குதீங்க. நாளைக்குப் பிள்ள விழுந்து கால ஒடிச்சா என் பேருதான் கெடும், கேட்டியளா."

"உங்க பேருக்கு ஒண்ணும் வராது. போடுங்க."

சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இந்த மனுஷர் மேல் செல்வினுக்கு ஏற்கெனவே ஒரு கசப்பு இருந்தது. மூன்று நாளைக்கு முன்பு அவருடைய மகள் சுமி, நிறம் பார்க்க ஓடிவந்தவள், பெயிண்ட் வாளியை இடறிவிட்டாள். பட்டப்பகல், சிவப்பு வாளி. புதுப் பூச்சின் மேல் பெயிண்ட் ஓடிப் பரவியது.

ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வழியில ஏன் வாளிய வச்சீங்க?" என்று செல்வின் மேல்தான் பாய்ந்தார். வாளி சுவரோரம்தான் இருந்தது. ஒற்றைப் பிள்ளைக்கு இத்தனை செல்லமா என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டேதான் செல்வின் அதைத் துடைத்தெடுத்தார்.

இன்றைக்கு அந்தப் புழுக்கம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. "பிள்ள மேல உங்களுக்குப் பாசம் இருக்கு, செரி. ஆனா வெளையாட்டப் பத்தி ஒண்ணும் அறியாது. கயிறு போட வேற ஆளப் பாருங்க." பூச்சுக்கரண்டியையும் பெயிண்ட் உருளையையும் எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

குற்றாலலிங்கம் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சுமி பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் நேரமிருந்தது. வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் செல்வினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அவளுக்கு ரெண்டு கண்ணும் போயிட்டிருக்கு செல்வின்," என்றார். "மொதல்ல ஓரப் பார்வ. பொறவு நடுவுலயும் போயிரும். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோன்னு டாக்டர் சொல்லுதாரு. மருந்து இல்ல."

செல்வினின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பார்வ இல்லாத பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மணி வச்ச பந்த உருட்டி ஆடுதாங்க. கோட்டுக்கு அடியில கயிறு. காலால தடவியே எங்க நிக்கோம்னு கண்டுபிடிச்சிருதாங்க." அவர் கயிற்றுச் சுருளை மறுபடி நீட்டினார். "இப்ப ஷட்டில் ஆடட்டும். பொறவும் ஆடுறதுக்கு அவளுக்கு இதே எடம் இருக்கணும். அவளுக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்லன்னு எனக்கும் அவ அம்மைக்கும் தெரியல. நீங்களும் காட்டிக்கிடாதீங்க."

செல்வின் பைக்குள் போட்ட கரண்டியை வெளியே எடுத்து வைத்தார். கயிற்றுச் சுருளை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் அந்த ஒரு வேலையைத்தான் செய்தார். ஒரு கோடு முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி அதன் மேல் நடந்து பார்ப்பார். கால் ஏமாந்த இடத்தில் டேப்பைப் பிய்த்து மறுபடி ஒட்டுவார். சுமி வந்து, "கயிறு எதுக்கு அங்கிள்?" என்று கேட்டபோது, "இது புது மாடல் மோளே," என்று குனிந்தபடியே பொய் சொன்னார். அவள் "ஓ" என்றாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. குற்றாலலிங்கம் கடைக்குப் போயிருந்தார். பைக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த செல்வின் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார்.

கோர்ட்டின் மூலையில் சுமி வெறுங்காலோடு நின்றாள். கண்களை இறுக்க மூடியிருந்தாள். ஒவ்வொரு அடியாகக் கோட்டின் மேல் வைத்து நடந்து, அடுத்த மூலை வந்ததும் பெருவிரலால் துழாவித் திரும்பினாள். மூன்றாவது பக்கத்தில் கால் நழுவியது. கைகளை விரித்துத் தடுமாறி நின்று, கோட்டைத் தேடி மறுபடி பிடித்துக்கொண்டாள்.

செல்வின் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுக் கோர்ட் ஓரம் வந்தார். சின்னப்பிள்ளை ஏதோ விளையாடுகிறது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். "மோளே, கண்ணத் தொறந்து நட. விழுந்திருவ."

சுமி கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா எங்கிட்ட சொல்லப்போற அன்னிக்கு, நான் விழாம நடந்து காட்டணும் அங்கிள்."