இருபத்திரண்டு அடி

"சூரியனைப் பிடிச்சு ஓட்டுக்குள்ள அடைச்சு விக்கிறீங்களா? நல்ல வியாபாரம்தான் போ!" என்றார் தெமெத்ரியோ.

எதிரே உட்கார்ந்திருந்த அனெரிஸ் சிரித்தாள். கூரைக் கம்பெனியிலிருந்து வந்திருந்தவள். மடியில் ஒரு மாதிரி ஓடு. பார்வைக்குச் சாதாரண ஓடுதான். வெயில் பட்டால் கரண்ட் கொடுக்குமாம். மின்விசிறி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பானி நகரத்தில் கரண்ட் போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வந்தால்தான் தெருவே கைதட்டும்.

"ஐயா, மேல் தளத்துக்கு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை பூச்சு அடிக்கிறீங்க?"

"மூணு."

"இன்வர்ட்டர் பேட்டரி?"

"ரெண்டு வருஷம் தாங்கினா பெருசு."

"கரண்ட் பில்?"

"அதை மட்டும் கேட்காதே. வராத கரண்டுக்கு மாசம் தவறாம வருது."

"இதையெல்லாம் இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க. அந்தக் காசுல இந்த ஓட்டைப் போட்டுட்டு, மிச்சத்துல ரெண்டு ஆடு வாங்கிடலாம்."

"எனக்கு இப்பவே எழுபது. ஆட்டை யாரு மேய்க்கிறது? போதாக்குறைக்கு, ஒரு புயல் அடிச்சா உன் ஓடெல்லாம் பறந்து கடல்ல போய் மீன் பிடிக்கும். என் தளத்தைப் பாரு. நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன், என் கையாலயே கட்டினது. மூணு புயல் வந்துச்சு, அசையலை."

"அசையலை, ஒழுகுது" என்றபடி காபித் தட்டுடன் வந்தாள் அவர் மனைவி மிலாக்ரோஸ். "படுக்கை ரூம்ல ரெண்டு வாளி வச்சிருக்கேன். ஃப்ரிட்ஜ்ல வச்ச கோழி வாரத்துக்கு ஒருவாட்டி நாறுது. நீ பேசும்மா, நான் உன் கட்சி."

"மூணு பேருக்கு நாலு கோப்பை கொண்டு வர்றவ. இவ உன் கட்சின்னா நீ ஜெயிச்ச மாதிரிதான்!"

அனெரிஸ் விலைத்தாளை நீட்டினாள். தெமெத்ரியோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளைத் தூரப் பிடித்துப் படித்தார். பாதியில் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"கூரை உயரம் இருபத்திரண்டு அடியாம்! மிலாக்ரோஸ், ராத்திரியோட ராத்திரியா நம்ம வீடு மாதா கோயிலா வளர்ந்துடுச்சு பாரு. அம்மாடி, இது பதினோரு அடி. கொத்தனார்கிட்டயே அளவு சொல்ல வந்துட்டியே! யாரு அளந்தது? வாசல்ல வேனுக்குள்ள தொப்பியை மூஞ்சில கவுத்துக்கிட்டு ஒருத்தன் கிடக்கானே, அவனா?"

"ஆமா. ஓடு பதிக்கிறவரும் அவர்தான்."

"வேனை விட்டே இறங்கலை, எப்படி அளந்தான்?"

"மனசுலயே அளந்துட்டார்."

"முதல்ல அவனை வேலையை விட்டுத் தூக்கு."

அனெரிஸ் காபியை ஒரு வாய் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உயரம் கிடக்கட்டும் ஐயா. மேல கம்பியெல்லாம் நீட்டிக்கிட்டு நிக்குதே, சும்மாதானே நிக்குது? வெட்டிடலாமா?"

தெமெத்ரியோவின் சிரிப்பு நின்றது.

தளத்தின் மேல் பதினாறு இரும்புக் கம்பிகள் நின்றன. மாடி கட்டுவதற்காக விட்டவை. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காலி பாட்டில் கவிழ்த்திருந்தது.

"கம்பில மட்டும் கை வைக்காதே. அது என் மகன் யோவானிக்கு விட்டது. கல்யாணம் ஆனா மேல வீடு கட்டிக்குவான்னு."

"அவர் எங்கே?"

"நியூயார்க்ல. பதினோரு வருஷம் ஆச்சு. போறேன்னு நின்னான். போனா இந்த வாசப்படி மிதிக்காதேன்னு கத்திட்டேன். கோவத்துல சொன்னதும்மா. அவனும் எனக்குத் தப்பாம பொறந்தவன், மிதிக்கவே இல்லை. அவங்கம்மாகிட்ட மட்டும் போன்ல பேசறான்."

"வராதவருக்காகவா மழைல ஒழுகவிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"வாளி நிறைஞ்சா கொட்டிக்கலாம். வருஷா வருஷம் நானே ஏறிப் பழைய பாட்டிலை எடுத்துட்டுப் புதுசு மாத்தறேன். கம்பியை வெட்டிட்டா, அவன் வரமாட்டான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிடும். நீ சொல்ற கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா உன் ஓடு எனக்கு வேணாம்மா. கிளம்பு."

அனெரிஸ் எழுந்திருக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விலைத்தாளை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"உயரம் சரிதான், மாமா. கீழே பதினோரு அடி. அந்தக் கம்பில நாங்க கட்டப் போற மாடி பதினோரு அடி. ஓடு அதுக்கு மேல."

மிலாக்ரோஸ் நாலாவது கோப்பையை எடுத்துக் கணவரின் கையில் வைத்தாள். "ஆறிடப் போகுது. நீங்களே கொண்டு போய் வேன்ல இருக்கிறவன்கிட்ட கொடுங்க. நீங்க வந்து கூப்பிடாம வாசப்படி மிதிக்க மாட்டானாம்."