பாத்துட்டு சொல்றோம்

சிறந்த நடிகைக்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார் அந்த லிஃப்ட் மெக்கானிக்.

"இதைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் சார்."

இந்தக் குறும்பட விழா அலுவலகத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். விருது போதாது என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று ஒருவரும் வந்ததில்லை.

விழா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நானும் ஒரு பிரின்டரும். உள்ளறையில் தலைவர். நடுவர்கள் ஏழு பேர் என்று இணையதளத்தில் போட்டிருக்கிறது. ஏழு பேர் கையெழுத்தையும் நான்தான் போடுகிறேன். மூன்றாம் நடுவருக்கு மட்டும் இடது கையால்.

நுழைவுக் கட்டணம் கட்டிய யாரையும் நாங்கள் வெறுங்கையோடு விடுவதில்லை. படத்தைத் திறந்து பார்ப்பதும் இல்லை. விண்ணப்பத்தில் பெண் பெயர் இருந்தால் நடிகை விருது. இல்லாவிட்டால் ஒளிப்பதிவு.

மெக்கானிக் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவர் எடுத்த படம், பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியது. நடித்தது அவர் மனைவி. நாலு ஞாயிற்றுக்கிழமை லீவைத் தின்று எடுத்த படம். ஆனால் எங்களுக்கு அனுப்பியது அதை இல்லை. கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சும்மா ஓடவிட்ட பதினொரு நிமிடத்தை அனுப்பிவிட்டார். அதில் மூடிய லிஃப்ட் கதவைத் தவிர ஒன்றும் கிடையாது. நேற்றுதான் கவனித்திருக்கிறார்.

சான்றிதழின் அடியில் நடுவர் குறிப்பு பளபளத்தது. 'கண்களாலேயே பேசியிருக்கிறார்.'

என் வாசகம்தான். மாதம் நாற்பது பேருக்கு அதை எழுதுகிறேன்.

"அவ இதை ஹால்ல மாட்டி வச்சிருக்கா சார். வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுறா."

கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு எடுத்து வந்திருக்கிறார். அந்த ஒரு பொய்யைச் சொன்னதற்கே காது மடல் சிவந்திருந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டுத் தலைவர் வெளியே வந்தார். முழுதும் கேட்டுக்கொண்டார். இன்றைக்காவது இந்த மனுஷன் திருதிருவென்று முழிப்பார் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

நரம்பில்லாத நாக்கு. ஒரு நொடி தடுமாறவில்லை.

"கதவுக்குப் பின்னாடி அவங்க இருக்காங்கன்னு எங்க நடுவர்களுக்குப் புரிஞ்சுதுங்க. அதுதான் நடிப்பு."

நடுவர்கள் ஏழு பேரும் என் மேசையில் பேனா ஸ்டாண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் தலைவர் பக்கம் திரும்பினார். கோபமில்லை. தொழில் தெரியாதவனுக்கு விளக்குகிற குரலில் சொன்னார்.

"பின்னாடி யாரும் இல்ல சார். அந்தக் கதவைத் திறந்தா குழிதான்."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். வெள்ளை டேப் ஒட்டி, படத்தின் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார். சரியான படம் இதில் இருக்கிறது. ஒன்பது நிமிடம்தான். நீங்கள் பார்த்து, அவள் உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறாள் என்றால் சட்டத்தைத் திரும்பவும் கொண்டுபோய் மாட்டிவிடுகிறேன், அவளிடம் மூச்சு விட மாட்டேன். இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும், நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

கேட்டது அவ்வளவுதான். ஒன்பது நிமிடம். என் கம்ப்யூட்டரில் அப்போது சீட்டாட்டம் திறந்திருந்தது.

தலைவர் பென்டிரைவை வாங்கி, அதைப் பார்க்காமலேயே என் பக்கம் நீட்டினார்.

"வச்சுட்டுப் போங்க. பாத்துட்டு சொல்றோம்."

மெக்கானிக்கின் முகம் தெளிந்துவிட்டது. எனக்குப் பொறுக்காமல் போனது அதுதான். தினம் தினம் குழியைப் பார்த்து வேலை செய்கிற மனுஷன், கண்ணைத் திறந்துகொண்டே காலை வைக்கிறார்.

சட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை நீட்டிப் பென்டிரைவை வாங்கிக்கொண்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

முடிவு தெரிகிறவரை சட்டம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் படியிறங்கினார். அவர் வீட்டு ஹாலில் இப்போது ஆணி மட்டும் இருக்கும்.

தலைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கீழ் டிராயரை இழுத்தேன். நூற்றுக்குக் குறையாமல் இருக்கும். எல்லாம் பென்டிரைவ்தான், ஒரு தடவை பாருங்கள் சார் என்று யாரோ நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போனவை. மெக்கானிக்கினுடையதை மேலே போட்டேன். டிராயர் மூடவில்லை. எரிச்சலோடு கையை உள்ளே விட்டுக் கிளறித் தள்ளியதில், அடியில் கிடந்த ஒன்று மேலே வந்தது.

டேப் பழுப்பேறியிருந்தது. எழுத்து என்னுடையது.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் படத்தை வாங்கிக்கொண்டு எனக்கும் தலைவர் அதையேதான் சொன்னார், பாத்துட்டு சொல்றோம் என்று. இருந்து முடிவைத் தெரிஞ்சுக்கிட்டே போறேன் சார் என்று சொல்லி, நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.