சிரிக்காத காளியப்பன்

“இன்ஸ்பெக்டர் மாத்தையாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நீ பகிடியச் செல்லு, நான் சிங்களத்தில செல்றேன்,” என்றார் புவாத் நானா.

காளியப்பன் தலையாட்டினான். மேசைக்கு அந்தப் பக்கம், பொத்தான்கள் இறுகிய காக்கிச் சட்டையோடு, மரத்தில் செதுக்கி வைத்த மாதிரி இருந்தார் இன்ஸ்பெக்டர் பெர்னாண்டோ. வெளியே முற்றத்தில் ஒரு ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. காலையில் பிடிபட்டவர்களைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகிற ஜீப். அதில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.

பொலிஸ் கேற்றடியில் அவன் மனைவி மயிலம்மா வெயிலில் நின்றாள்.

நிகழ்ச்சி நோட்டீஸ்களில் அவன் பெயர் ‘சிரிக்காத காளியப்பன்’. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கல்யாண வீடு, கோயில் திருவிழா, மாதா திருநாள் எங்கும் மைக்கைப் பிடித்து, இழவு வீட்டு முகத்தோடு பகிடி சொல்லுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், அவன் உதடு அசையாது. சொல்கிறவனே சிரித்துவிட்டால் கேட்கிறவனுக்கு மிச்சம் இருக்காது என்பது அவன் தொழில் ரகசியம்.

போன சனிக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் அவன் சொன்ன ஒரு பகிடி படையினரைக் கேவலப்படுத்துகிறது என்று யாரோ பொலிஸில் சொல்லிவிட்டார்கள். என்ன பகிடி என்று கேட்டதற்கு, புகார் சொன்னவனுக்கே அது ஞாபகமில்லையாம். அதனால் காளியப்பனையே கூட்டிவந்து சொல்லவைக்கிறார்கள். மொழிபெயர்க்க, எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் புவாத் நானாவைப் பிடித்து வந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் என்னவோ சொன்னார்.

“மேடையில சென்ன மாதிரியே, ஒண்டும் மாத்தாமச் செல்லட்டாம்,” என்றார் நானா. பிறகு அதே குரலில், “நீ செல்றதச் செல்லு மகன். போய்ச் சேரவேண்டியத நான் சேர்க்கிறேன்” என்றார்.

“கோவக்கார ஆளு மாதிரி இருக்காருங்களே, நானா?”

“இந்த மொகத்துக்குப் பக்கத்தில வச்சா நீயெல்லாம் சிரிச்ச மொகம். செல்லு.”

காளியப்பன் எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். இந்தப் பகிடியை மோசமாகச் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும். ஒழுங்காகச் சொன்னால்தான் பகிடி.

“செக்பொயிண்டுல பஸ்ஸ நிப்பாட்டி எறங்கச் சொன்னாங்க. ஆமிக்காரரு என்னோட ஐசிய வாங்கி படத்தப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. படத்துல சிரிப்பு இல்ல. மொகத்துலயும் இல்ல. ‘நீதான், போ’ன்னுட்டாரு.

“எனக்குப் பின்னால நின்னவன் நல்ல பையன். மரியாதைக்குச் சிரிச்சான். ‘படத்துல சிரிக்கலியே, நீ வேற ஆளு’ன்னு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.”

இங்கேதான் நிறுத்த வேண்டும். குறைவாக நிறுத்தினால் சனத்துக்குப் பகிடி எட்டாது, கூட நிறுத்தினால் பையனை நினைத்து அழுதுவிடும். அளவு தெரிய அவன் முன்வரிசைக்காரரின் வயிற்றைப் பார்ப்பான். முகத்தை அடக்க எல்லாராலும் முடியும், வயிறு சொன்னபடி கேட்காது. பழக்கத்தில் இப்போதும் கண் இன்ஸ்பெக்டரின் வயிற்றுக்குத்தான் போனது.

“அன்னையில இருந்து நான் சிரிக்கிறதே இல்லீங்க.”

காக்கிச் சட்டையின் நடுப் பொத்தான் ஒரு தரம் துள்ளி அடங்கியது. முகத்தில் ஒன்றுமில்லை. ஏப்பமாக்கும் என்று காளியப்பன் நினைத்துக்கொண்டான்.

புவாத் நானா தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் தொடங்கினார்.

காளியப்பனுக்குச் சிங்களத்தில் பகிடி சொல்ல வராதே தவிர, கேட்டால் விளங்கும். நானாவின் கதையில் ஆமிக்காரர் பஸ் கொண்டக்டர் ஆகியிருந்தார். ஐசி என்கிற அடையாள அட்டை சீசன் டிக்கட் ஆகியிருந்தது. பையனை யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை, அடுத்த ஹோல்ட்டில் இறக்கிவிட்டார்கள். பொய் பிடிபட்டால் ஜீப்பில் இரண்டு பேருக்கு இடம் பண்ண வேண்டியிருக்கும்.

கொண்டக்டரா என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். கொண்டக்டர்தான் என்றார் நானா. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றார் நானா.

இன்ஸ்பெக்டர் மேசையில் கிடந்த காளியப்பனின் அடையாள அட்டையை எடுத்தார். படத்தைப் பார்த்தார். காளியப்பனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். முற்றத்தில் ஜீப்பின் கதவு ஒன்று திறந்து சாத்தப்பட்டது.

அட்டை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளப்பட்டது. போகலாம் என்று கை காட்டினார்.

இரண்டு பேரும் வாசலடிக்கு வந்தார்கள். கேற்றடியில் மயிலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது.

“அல்லாஹ் காப்பாத்தினான்,” என்றார் நானா, மூச்சை விட்டபடி. “இந்தக் கல்லுக்கு எந்தப் பகிடியும் ஒண்டுதான்.”

“மல்லி.” தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டது இன்ஸ்பெக்டரின் குரல்.

இரண்டு பேரின் கால்களும் நின்றன. காளியப்பன் மெல்லத் திரும்பினான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அதே மர முகம். நடுப் பொத்தான் மட்டும் இன்னொரு தரம் துள்ளியது.

“மேடையில ஐசியே இருக்கட்டும்,” என்றார், தமிழில். “ சீசன் டிக்கட்டுக்குச் சிரிப்பு வராது.”